முதல் கவளம் மாட்டுக்கு

யானையைக் கண்டால் சொல்வதற்கென்று யூதர்களிடம் ஒரு வாழ்த்து இருக்கிறது. குரங்கைக் கண்டாலும் அதே வாழ்த்துதான். உயிர்களை வெவ்வேறு வடிவங்களில் படைத்தவனைப் போற்றும் அந்தச் சிறு வாக்கியத்தைப் பற்றிப் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் முதல் நூல் பெராகோத் பேசுகிறது. அதை வகுத்த யூதச் சட்ட அறிஞர்களான ரபிகள் வாழ்ந்த யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் யானையும் குரங்கும் அபூர்வமான விருந்தாளிகள். கண்டிக்கு வரும் யூதப் பயணிக்கோ எசல பெரஹெரா நாளொன்றில் இரண்டும் கண்ணில் பட அரை மணி நேரம் போதும். தலதா மாளிகையின் முன்னால் யானை நிற்கும். மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தக்கலைக் காட்டின் மரங்களில் செங்குரங்குக் கூட்டம் தாவும்.

வாழ்த்துவது எளிய பகுதி. அதற்குப் பிறகு அந்த விலங்குக்கு மனிதன் என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்பதில்தான் யூத மரபு தன் கறாரைக் காட்டுகிறது. இரக்கம் அங்கே மனம் இளகும்போது மட்டும் சுரப்பதாக விடப்படவில்லை. இன்னது செய், இன்னது செய்யாதே என்று சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. இரங்காதவனும் அதன்படி நடந்தாக வேண்டும்.

கண்டியில் யூதச் சமூகம் என்று ஒன்று வேரூன்றியதில்லை. ஆனாலும் இந்த நகரையும் சுற்றுப்புறத்தையும் தொட்டுச் சென்ற சில யூத வாழ்க்கைகள் உண்டு. புசல்லாவையில் கோப்பித் தோட்டம் போட்ட இரு சகோதரர்கள், போகம்பரைச் சிறையில் தூக்குத்தண்டனைகளை மேற்பார்த்த ஓர் இளம் அதிகாரி, உடவத்தக்கலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு பிக்கு. இவர்களில் எவரும் யூதச் சட்டத்தைப் பரப்ப இங்கு வந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் நின்ற இடங்களில் வைத்துப் பார்க்கும்போது அந்தச் சட்டம் கேட்கும் கேள்விகள் மலையக வாசகருக்கு மிகப் பழக்கமானவையாகத் தெரிகின்றன.

முதலில் சட்டம். சூடு மிதிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்கிறது யூத வேதமான தோராவின் உபாகமம். உணவின் நடுவே நின்று உழைக்கும் உயிரை அந்த உணவிலிருந்து விலக்கி வைப்பது கொடுமை. மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டக்கூடாது. கழுதையின் வலு மாட்டின் வலுவுக்கு ஈடாகாது என்று காரணம் சொன்னார் ஆபிரகாம் இபின் எஸ்ரா. கூட்டிலுள்ள குஞ்சையோ முட்டையையோ எடுப்பவன் தாய்ப் பறவையைப் போகவிட வேண்டும். தாயையும் கன்றையும் ஒரே நாளில் அறுக்கக்கூடாது. ஏழாம் நாள் ஓய்வு எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் எந்த அளவோ, மாட்டுக்கும் கழுதைக்கும் அதே அளவு.

இவற்றில் மிக நுட்பமானது பகைவனின் கழுதையைப் பற்றிய கட்டளை. உன்னை வெறுப்பவனின் கழுதை சுமை தாளாமல் விழுந்து கிடந்தால் நீ ஒதுங்கிப் போகக்கூடாது. அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிட வேண்டும் என்கிறது யாத்திராகமம். இந்த இடத்தை வைத்துத்தான் விலங்கின் வேதனையைத் தணிப்பது தோராவே இட்ட கடமையா, பின்வந்த ரபிகள் வகுத்ததா என்று தல்மூதின் பாபா மெட்சியா நூல் விவாதிக்கிறது. விவாதம் அங்கே இன்னொரு படி ஏறுகிறது. ஒரு பக்கம் நண்பனின் கழுதையிலிருந்து சுமையை இறக்க வேண்டும். மறுபக்கம் பகைவனின் கழுதைமேல் சுமையை ஏற்ற வேண்டும். யாருக்கு முதலில் உதவுவது? இறக்கினால் ஒரு விலங்கின் வலி தீரும். இருந்தும் பகைவனிடம் போ என்கிறார்கள் ரபிகள், உள்ளே இருக்கும் வன்மத்தை அடக்கப் பழகுவதற்காக. விலங்கின் வலியும் மனிதரின் பகையும் இங்கே ஒரே தராசில் ஏறுகின்றன. இரண்டில் ஒன்றையும் அவர்கள் கீழே இறக்கி வைக்கவில்லை.

உணவிலும் வரிசை உண்டு. கால்நடைக்குப் போடாமல் வீட்டுக்காரன் சாப்பிட உட்காரக்கூடாது. இறைவன் மாட்டுக்குப் புல்லைத் தந்ததை முதலிலும் மனிதன் உண்டு நிறைவதைப் பிறகும் உபாகமம் சொல்லும் முறையிலிருந்து ரபிகள் இந்த விதியை எடுத்தார்கள். தண்ணீருக்கு மட்டும் பிற்காலத்தவர் விலக்கு அளித்தனர். கிணற்றடியில் ரெபேக்காள் முதலில் வழிப்போக்கனுக்கும் பிறகு அவனுடைய ஒட்டகங்களுக்கும் நீர் வார்த்ததால் தாகத்தில் மனிதன் முந்தலாம். இப்படி மாட்டுத் தொழுவம்வரை இறங்கி வந்து ஒழுங்கு செய்யும் மார்க்கம் எதற்கும் மதிப்புக் கொடுக்காமல் இருக்க முடியாது.

ஏன் இந்தக் கட்டளைகள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. கெய்ரோவில் மருத்துவராக வாழ்ந்து 1204-இல் மறைந்த மைமோனிடீஸ், தாய் விலங்கு படும் வேதனையையே காரணமாகக் காட்டினார். குட்டியின்மேல் தாய்க்குள்ள பாசம் பகுத்தறிவில் பிறப்பதன்று, ஆகவே அந்த நோவு மனிதத் தாய்க்கும் விலங்குத் தாய்க்கும் ஒன்றுதான் என்பது அவர் வாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நஹ்மனிடீஸ் இதை ஏற்கவில்லை. மனிதன் கொடூரனாகிவிடாமல் இருக்க அவனுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியே இது என்றார். நஹ்மனிடீஸின் வாதம் கூர்மையானது. ஆனால் அதில் விலங்கு வெறும் பாடப்புத்தகமாகிவிடுகிறது. எகிப்து மருத்துவரின் பக்கம்தான் உண்மை கூடுதலாக இருக்கிறது. வலி வலிதான், அது யாருடைய உடம்பில் இருந்தாலும்.

ரபிகளின் கதைகளில் ஒரு கன்று வருகிறது. கி.பி. 200-ஐ ஒட்டி தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னாவைத் தொகுத்த ரபி யூதா, யூத வரலாற்றின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவர். வெட்டுக்கு இழுத்துச் செல்லப்பட்ட கன்றொன்று ஓடிவந்து அவர் அங்கிக்குள் தலையைப் புதைத்துக் கதறியது. போ, இதற்காகத்தானே நீ படைக்கப்பட்டாய் என்றார் அவர். அந்தச் சொல்லுக்காக அவர் பதின்மூன்று ஆண்டுகள் நோயில் துடித்தார் என்கிறது பாபா மெட்சியா. பிறகு ஒருநாள் வீடு பெருக்கிய பணிப்பெண் கீரி போன்ற சிறு பிராணியின் குட்டிகளைக் கண்டு துடைப்பத்தால் தள்ளப் போனாள். விட்டுவிடு, இறைவனின் இரக்கம் அவன் படைத்த எல்லாவற்றின்மேலும் உண்டு என்று சங்கீதத்தை நினைவூட்டித் தடுத்தார் ரபி. அன்றே வேதனை அகன்றது.

தமிழ் வாசகருக்குக் கன்று என்றதும் வேறொரு கதை நினைவில் எழும். திருவாரூரில் அது மனுநீதிச் சோழன்; மகாவம்சத்திலோ அனுராதபுரத்தில் 44 ஆண்டு அரசாண்ட எல்லாளன். தேர்க்காலில் மாண்ட கன்றுக்காகத் தாய்ப்பசு மணியை அசைக்க, அரசன் தன் மகனின் உயிரை ஈடாகக் கொடுக்கிறான். தன் குலத்தாரின் எதிரியாக எல்லாளனைச் சித்திரித்த நூலே அவனுடைய இந்த நீதியைப் பதிவுசெய்து வைத்திருப்பது பெரிய விஷயம். சோழனின் கதையில் கன்றைக் கொன்றது குற்றம். ரபியின் கதையில் கன்றை அறுப்பது சட்டப்படி குற்றமே அல்ல. அடைக்கலம் தேடி வந்ததைக் கல்நெஞ்சோடு திருப்பி அனுப்பிய ஒரு சொல்லுக்குத்தான் தண்டனை. சட்டம் அனுமதித்ததைச் செய்தவனும் இரக்கத்தின் முன்னால் கடனாளியாகலாம் என்று அந்த மரபு தன் சட்டத்தைத் தொகுத்தவரையே காட்டிச் சொல்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் கிராக்கோவில் இருந்த மோசே இஸர்லெஸ் இதே இடத்தைச் சட்ட மொழியில் தொட்டார். மருத்துவம் முதலிய மனிதத் தேவைக்காக விலங்குக்கு வலி நேர்ந்தால் தடையில்லை. எழுதுகோலுக்காக உயிருள்ள வாத்தின் இறகைப் பிடுங்குவதும் தடையில்லை. ஆனால் அது கொடுமை என்பதால் மக்கள் செய்வதில்லை என்று அவர் குறித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிராக் நகரின் தலைமை ரபி யெஹெஸ்கேல் லாண்டவுவிடம், காடும் நிலமும் வைத்திருந்த ஒரு செல்வர் தாம் வேட்டையாடலாமா என்று கேட்டனுப்பினார். பொழுதுபோக்குக்காக உயிரைத் துரத்திக் கொல்வது ஆபிரகாமின் பிள்ளைகளுக்கு அழகல்ல என்று லாண்டவு மறுத்தார். கண்டி மலைகளில் கோப்பிக்காகக் காடு அழிந்த காலத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் தந்தது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் அந்தக் காலத்தின் கதாநாயகன். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், நுவரெலியாவில் புதைக்கப்பட்டார்.

இந்த மரபை அப்பழுக்கற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. ஆலயம் இருந்தவரை எருசலேமில் பலிபீடம் விலங்குகளின் இரத்தத்தில் நனைந்துகொண்டுதான் இருந்தது. அடிமை முறையை வேதம் ஒழிக்கவில்லை, எல்லைகளை இட்டது. அந்த எல்லைகளைத் தலைமுறைதோறும் இறுக்கிக்கொண்டே வந்ததுதான் ரபிகளின் சாதனை.

புசல்லாவைக்கு வருவோம். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் ரொத்சைல்ட் என்ற பெயரில் ஒரு தோட்டம் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்கள் மொரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்ற யூதச் சகோதரர்கள். பிராங்க்பர்ட் வங்கியாளர் மேயர் ஆம்ஷெல் ரொத்சைல்டின் மகள்வழிப் பேரர்கள். 1841-இல் மொரிஸும் அடுத்த ஆண்டு கேப்ரியலும் இலங்கைக்கு வந்தனர். காட்டை வெட்டிக் கோப்பி நட்டு, காலப்போக்கில் ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் சேர்த்து, 1865-இல் எல்லாவற்றையும் விற்றுவிட்டு இங்கிலாந்து திரும்பினர். சீனத் தேயிலைச் செடிகளை மொரிஸ் இங்கே நட்டுப் பார்த்ததைத் தேயிலையின் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867-இல் அதை வணிகப் பயிராக்குவதற்குக் கால் நூற்றாண்டு முந்திய முயற்சி அது.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார் என்பதை மலையகத்தில் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து, ஆள்திரட்டிய கங்காணிகளோடு புறப்பட்டு, கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் காத்திருந்தன. 1841 முதல் 1848 வரையிலான ஆண்டுகளில் 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று 1849-இல் கொழும்பின் ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்று மதிப்பிட்டது. டி வோர்ம்ஸ் சகோதரர்கள் கோப்பி நட்டதும் இதே ஆண்டுகளில்தான். வண்டி மாடுகளின் நிலையும் சொல்லத்தக்கதே. 1867-இல் கண்டிக்கு ரயில் வரும்வரை மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டு வண்டிகளில்தான் கொழும்புக்கு இறங்கியது.

கூலியைப் பற்றி உபாகமம் பேசும்போது ஒரு பொழுதைக்கூடத் தள்ளிப்போட விடுவதில்லை. கூலியாளின் சம்பளம் அவன் உழைத்த நாளின் சூரியன் மறையுமுன் அவன் கைக்குப் போக வேண்டும். அவன் உன் இனத்தானோ உன் ஊரில் தங்கிய அந்நியனோ, யாராக இருந்தாலும் சரி. அவன் ஏன் ஏணியில் ஏறினான், ஏன் மரத்தில் தொங்கினான், கூலிக்காகத்தானே உயிரைப் பணயம் வைத்தான் என்று தல்மூத் வாதாடுகிறது. கூலியைப் பிடித்து வைப்பவன் உயிரைப் பிடித்து வைப்பவன் என்றே அது கருதுகிறது. கோப்பிக் காலத்துத் தோட்டங்களிலோ சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. பயணச் செலவே முதல் கடனாகி, அந்தக் கடன் துண்டுச் சீட்டாகி, துண்டு தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப் போட்டது. துண்டு முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது.

இதே விஷயத்தில் தல்மூத் சொல்லும் ஒரு வழக்கை முழுதாகச் சொல்ல வேண்டும். பாபிலோனில் ரப்பா என்ற அறிஞர் ஒருவர், மதுச் சாடி ஒன்றைத் தூக்கிச் செல்லச் சுமைகூலிகளை அமர்த்தினார். அவர்கள் சாடியை உடைத்துவிட்டார்கள். நட்டத்துக்கு ஈடாக அவர்களுடைய மேலாடைகளை அவர் பறித்துக்கொண்டார். கூலிகள் ராவ் என்ற பெரிய ரபியிடம் முறையிட, ஆடைகளைத் திருப்பிக் கொடு என்றார் ராவ். இதுதான் சட்டமா என்று கேட்டார் ரப்பா. ஆம் என்று நீதிமொழிகளிலிருந்து ஆதாரம் காட்டினார் ராவ். கூலிகள் நகரவில்லை. நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்றார்கள். அவர்களுடைய கூலியையும் கொடு என்றார் ராவ். இதுவுமா சட்டம் என்றார் ரப்பா. ஆம், இதுவும்தான் என்று வந்தது பதில்.

கொழுந்து நிறை எட்டவில்லை என்று அரை நாள் கூலியாக ‘அரைப் பேர்’ போடப்பட்ட எந்தத் தொழிலாளிக்கும் இந்த வழக்கின் எடை தெரியும். நட்டம் யாருடையது என்று கணக்குப் பார்ப்பதோடு நின்றால் ரப்பா சொன்னதே சரி. அறிஞன் அந்தக் கணக்கைத் தாண்டக் கடமைப்பட்டவன் என்பதே ராவின் தீர்ப்பு. தாண்டுவதை அவர் தயவு என்று சொல்லவில்லை, சட்டம் என்றார்.

அந்நியனைப் பற்றிய கட்டளையும் மலையகத்தில் வேறு விதமாக ஒலிக்கும். அந்நியனை ஒடுக்காதே, எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள் என்ற எச்சரிக்கை தோராவில் 36 இடங்களில் வருவதாக ரபி எலியேசர் எண்ணிச் சொன்னார். அறுவடையில் வயலின் ஓரத்தையும் சிந்திய கதிரையும் மறந்து விட்ட கட்டையும் திரும்பி எடுக்கக்கூடாது. அவை ஏழைக்கும் விதவைக்கும் அநாதைக்கும் அந்நியனுக்கும் உரியவை. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-இலேயே 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. நூறாண்டுக்கு மேல் மலைகளைத் திருத்தியவர்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியரானார்கள். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974-வரை காத்திருந்தது. அவர்களிடம் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று எவரும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடவில்லை.

1907 ஆகஸ்டில் கண்டிக் கச்சேரிக்கு அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளராக வந்தவர்தான் முன்னே சொன்ன இளம் அதிகாரி, லெனார்ட் வுல்ஃப். வயது 26. மூன்றாண்டுகளுக்கு முன் கேம்பிரிட்ஜ் படிப்பை முடித்துவிட்டு, வோல்டேரின் 90 தொகுதிகளோடும் சார்ல்ஸ் என்ற நாயோடும் இலங்கையில் இறங்கியவர். யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்தவர், தமிழ் கற்றவர். லண்டன் யூதக் குடும்பம்; சிறுவயதிலேயே மதத்தை விட்டுவிட்டார். ஆனால் வழக்கறிஞரான தந்தை சிட்னி வுல்ஃப் ஒன்றை அவருக்குள் விட்டுச் சென்றிருந்தார். மனிதனுக்கு வேண்டிய நடத்தை விதி முழுவதும் மீகா தீர்க்கதரிசியிடம் இருக்கிறது என்பார் தந்தை: நீதி செய், இரக்கத்தை நேசி, பணிவோடு நட.

கண்டியில் அவர் கடமைகளில் ஒன்று போகம்பரைச் சிறையில் தூக்குத்தண்டனை நிறைவேறும்போது உடனிருப்பது. விடியற்காலையில் மேடையின் எதிரே நின்று சைகை காட்ட வேண்டியவர் அவர். ஒருமுறை கயிற்றின் கணக்குத் தவறி நடந்த கோரத்தை நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்குக் கடிதத்தில் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து எழுதிய சுயசரிதையிலும் அந்தக் காலைகள் அவரை விடவில்லை.

தல்மூத் இந்த மேடைக்கு முன்னாலும் நின்றிருக்கிறது. ஏழாண்டில் ஒருவனுக்கு மரணதண்டனை விதிக்கும் நீதிமன்றம் அழிம்பு நீதிமன்றம் என்கிறது மிஷ்னா; எழுபதாண்டில் ஒன்றே அதிகம் என்கிறார் ஒரு ரபி; நாங்கள் இருந்திருந்தால் எவனும் கொல்லப்பட்டிருக்க மாட்டான் என்கிறார்கள் தர்போனும் அகிவாவும். கொலை வழக்கின் சாட்சிகளிடம், ஒரு மனிதனை அழிப்பவன் ஓர் உலகையே அழிப்பவன் என்று எச்சரிக்கச் சொல்கிறது அதே நூல். தண்டனை தவிர்க்க முடியாதபோது, உன்னைப் போல் உன் அயலானை நேசி என்ற கட்டளையை வைத்தே, அவனுக்கு வேதனை குறைந்த மரணத்தைத் தேர்ந்தெடு என்று விதித்தார்கள். குற்றவாளியும் அயலான் என்ற எண்ணம் அவ்வளவு தூரம் சென்றிருக்கிறது. இலங்கையில் கடைசித் தூக்கு 1976-இல் நடந்தது. போகம்பரைச் சிறை 2014-இல் மூடப்பட்டது.

வுல்ஃப் கண்டிக்கு வந்த அதே 1907-இல்தான் இலங்கையின் 13-ஆம் இலக்க விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டமும் வந்தது. அது விதித்த உச்ச அபராதம் 100 ரூபாய். அதை மாற்றி எழுதும் விலங்கு நலச் சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு 2006-இல் வரைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது இழுபட்டது. வண்டி மாட்டைக் கம்பால் அடித்தவனை மனதில் வைத்து எழுதிய தொகையைக் கொண்டே இந்த நூற்றாண்டின் கொடுமைகளையும் அளப்பது வெட்கத்துக்குரியது.

அம்பாந்தோட்டைக்கு மாற்றலாகிப் போன வுல்ஃப் அங்கே கால்நடைக் கொள்ளைநோயை எதிர்கொண்டார். நோய் பரவாதிருக்க அலைந்து திரியும் மாடுகளைச் சுடும்படி உத்தரவிட வேண்டியிருந்தது. மாட்டை இழந்த விவசாயிகளின் வெறுப்பு அவர்மேல் விழுந்தது. 1969-இல் வெளிவந்த சுயசரிதையின் கடைசித் தொகுதியில் சிறு வயது நினைவொன்றைச் சொல்கிறார். பிறந்த நாய்க்குட்டிகளை நீரில் அமிழ்த்திக் கொல்லச் சொன்னார்கள். கண் திறவாத குட்டியொன்று வாளித் தண்ணீரில் உயிருக்குப் போராடியபோது, இதுவும் தன்னைப் போலவே ஒரு ‘நான்’ என்று அவருக்கு உறைத்தது. அங்கிருந்து அவர் நேராக மனிதர்மேல் மனிதர் இழைக்கும் கொடுமைக்குச் செல்கிறார். அவருக்கு அவை இரண்டு விஷயங்கள் அல்ல.

உடவத்தக்கலை சுமார் 104 ஹெக்டேயர் காடு. அதற்குள் இருக்கும் வன ஆசிரமத்தில் 1952 முதல் வாழ்ந்த ஞானபோனிக தேரர் 1901-இல் ஜெர்மனியின் ஹனாவு நகரில் சீக்முண்ட் ஃபெனிகராக, யூதத் தம்பதியரின் ஒரே மகனாகப் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சி வந்தபின் தாயை அழைத்துக்கொண்டு 1935-இல் வியன்னாவுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு இலங்கைக்கு வந்து, 1937-இல் பிக்குவானார். தாயும் உறவினர் சிலரும் உயிர் தப்பி இங்கே வந்துசேர வழிசெய்தார். அவர்களுக்குப் பொறுப்பேற்றவர் கொடையாளர் ஏர்னஸ்ட் டி சில்வா. போர் மூண்டதும், நாஜிகளிடமிருந்து தப்பிய இந்த யூதரை ஜெர்மன் பிரஜை என்று பிரிட்டிஷ் அரசு தியத்தலாவையிலும் பிறகு டேராடூனிலும் 1946-வரை முகாமில் அடைத்தது. அந்த முகாமிலும் அவர் பாலி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விட்டுவந்த ஜெர்மனியில் நடந்த ஒன்று கண்டிக்கு நேரடியாகப் பொருந்துவது. 1933 ஏப்ரலில், ஆட்சிக்கு வந்த மூன்று மாதங்களுக்குள், நாஜி அரசு யூத முறைப்படி விலங்கறுப்பதைத் தடைசெய்தது. நவம்பரில் விரிவான விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அறுக்கும் முன் விலங்கை மயக்க வேண்டும் என்ற வாதம் தன்னளவில் தகுதியற்றதல்ல. இன்றும் யூத அறிஞர்களே அதை விவாதிக்கிறார்கள். ஆனால் பசுவின் கழுத்துக்காக அழுவதாகச் சொன்ன அரசுக்கு, அதன் அயலிலிருந்த மனிதரின் கழுத்து ஒரு பொருட்டாக இருக்கவில்லை. விலங்கிரக்கத்தை மனிதனுக்கு எதிராகத் திருப்ப முடியும் என்பதற்கு வரலாற்றில் இதைவிடக் கொடிய சாட்சி இல்லை.

2013 மே 24, வெசாக் நாள். தலதா மாளிகையின் முன்னால் இளம் பிக்கு ஒருவர் மாட்டறுப்பை எதிர்த்துத் தம் உடலில் தீ வைத்துக்கொண்டார், மறுநாள் இறந்தார். மாடுகளுக்காக ஓர் உயிர் எரிந்ததை எளிதாகக் கடந்துபோக முடியாது. அதே காலத்தில் மாட்டறுப்பு எதிர்ப்பு முஸ்லிம் மக்களுக்கு எதிரான பிரசாரத்தோடு ஒட்டிக்கொண்டதையும் மறைக்க முடியாது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. பகைவனின் கழுதையை அவனோடு சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்று தோரா சொன்னதன் ஞானம் இங்கேதான் விளங்குகிறது. கழுதையின் பெயரால் அதன் சொந்தக்காரனை அடிக்க அந்தக் கட்டளையில் வழியே இல்லை.

குரங்குகளின் விவகாரம் இதன் மறுமுனை. பயிர்களை அழிக்கின்றன என்று ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை 2023 ஏப்ரலில் விவசாய அமைச்சர் வெளியிட்டார். எதிர்ப்பு எழுந்து விவகாரம் நீதிமன்றம்வரை போனது. தென்னையையும் மரக்கறித் தோட்டத்தையும் பறிகொடுத்த கண்டிக் கிராமத்தவனின் வருத்தம் உண்மையானது. அவனைக் கொடியவன் என்று நகரத்திலிருந்து ஏசுவது அநீதி. இஸர்லெஸ் வைத்த இரு அளவுகோலும் இங்கே ஒருசேர வேண்டும்: தேவை இருக்கிறதா என்பது ஒன்று, அந்தத் தேவையைத் தீர்க்கும் வழியில் கொடுமை இருக்கிறதா என்பது மற்றொன்று. கூண்டில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பும் வழி இரண்டாம் கேள்வியில் தோற்றுவிடுகிறது.

ஞானபோனிகர் 1958 ஜனவரி 1-இல் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டே அதன் சிறுநூல் வரிசையில் மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை என்ற நான்கு உயர்ந்த மனநிலைகளைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. உடைமையாக்க விரும்பாத அன்பு, தன் துயரில் மூழ்கிவிடாத இரக்கம் என்று அவர் மனத்துக்குள் தொடங்குகிறார். தோரா கையில் தொடங்குகிறது: சுமையைப் பிடி, தீனி போடு, கூலியைக் கொடு. மனம் கனிந்தால் கை தானே நீளும் என்பது ஒரு வழி. கை நீண்டு பழகினால் மனம் கனியும் என்பது மற்றது.

ஞானபோனிகரின் நண்பர்களில் ஒருவரான உளவியலாளர் எரிக் ஃபிரொம், ரபிகள் பலரைத் தந்த பிராங்க்பர்ட் குடும்பத்தில் பிறந்து தல்மூத் கற்றவர். ‘அன்பு செலுத்தும் கலை’ என்ற நூலில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் யோனா. பாவநிவாரண நாளின் பிற்பகலில் யூதர்கள் வாசிக்கும் அந்தச் சிறு நூல் ஒரு கேள்வியோடு முடிகிறது. நிழல் தந்த செடி வாடியதற்காக வருந்தும் தீர்க்கதரிசியிடம், லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரும் ஏராளமான கால்நடைகளும் உள்ள பகைநகரமான நினிவேக்காக நான் இரங்கக்கூடாதா என்று இறைவன் கேட்கிறான். ஊரைக் காப்பாற்றக் காரணம் அடுக்கும்போது மாடுகளையும் எண்ணிக்கையில் சேர்க்கும் இறைவன் அவன்.

ஞானபோனிகர் 1994 அக்டோபர் 19-இல் மறைந்தார். அவருடைய முதுமையில் உடனிருந்து கவனித்தவர் போதி பிக்கு. 1944-இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, 1972-இல் இலங்கைக்கு வந்து, 1984 முதல் கண்டிச் சங்கத்தின் நூல்களைப் பதிப்பித்தவர். 2002-இல் அமெரிக்கா திரும்பிய அவர், 2007-இல் எழுதிய ஒரு கட்டுரையில் பௌத்தர்களிடம் கடுமையாகவே கேட்டார்: தியான இருக்கையில் எல்லா உயிருக்கும் கருணையை விரித்துவிட்டு, உலகில் பசித்திருப்பவருக்காக நாம் செய்வது என்ன? அதற்கு அடுத்த ஆண்டு, அவரும் மாணவர்களும் சேர்ந்து பட்டினிக்கு எதிராகப் பௌத்த உலக நிவாரண அமைப்பைத் தொடங்கினார்கள். பசித்தவருக்கு உணவளிக்க ஆண்டுதோறும் நடைப்பயணம் நடத்தி நிதி திரட்டுகிறார்கள். பல நாடுகளில் பள்ளிக் குழந்தைகளின் உணவுக்கும் பெண் பிள்ளைகளின் படிப்புக்கும் சிறு விவசாயிகளுக்கும் அந்தப் பணம் போகிறது.